பதிலி வாக்காளரை மாற்றுவதும் நீக்குவதும்: படையில் பணிபுரிவோர் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

படையில் பணிபுரியும் ஒருவர், ஊரில் தம் பெயரில் வாக்களிக்க ஒருவரைப் பதிலியாக நியமித்துவிட்டால், அந்த நியமனம் ஒரு தேர்தலோடு முடிந்துபோவதில்லை. நியமித்தவர் சேவை வாக்காளராக, அதாவது பணியின் காரணமாகத் தனிப் பட்டியலில் பதிவான வாக்காளராக, இருக்கும் காலம் முழுவதும், அவரே அதை ரத்து செய்யும்வரை, அது உயிரோடு இருக்கும். பதிலி இறந்திருக்கலாம், மணமாகி வேறு ஊருக்குப் போயிருக்கலாம், இரு குடும்பங்களுக்கிடையே பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கலாம். இவற்றில் எதுவும் தேர்தல் அலுவலகத்தின் பதிவேட்டுக்குத் தானாகத் தெரியாது. படிவம் போனால்தான் பெயர் மாறும். அந்தப் படிவமும் வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்கு முன்பே தேர்தல் நடத்தும் அலுவலரின் கைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு தேதியைப் பற்றிச் சொல்வதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதத் தொடங்கினேன். மற்றவை அதைச் சுற்றி அமைந்த விவரங்கள்.

எங்கள் வீட்டில் இது நேர்ந்தது. என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். அவன் பெயரில் வாக்களிக்கும் பதிலியாக அப்பா இருந்தார். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அப்பா காலமானார். இறப்புச் சான்றிதழ், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, பட்டா என்று ஒவ்வொன்றாக மாற்றிய நாங்கள், ட்ரங்குப் பெட்டியின் அடியில் நோட்டரி முத்திரையோடு கிடந்த, அப்பாவைப் பதிலியாக நியமித்த படிவம் 13எஃப் நகலை மட்டும் நினைக்கவே இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கான சுவரொட்டிகள் ஒட்டப்பட்ட பிறகுதான் நினைவு வந்தது. தம்பி கையெழுத்திட்ட மாற்றுப் படிவம் அஞ்சலில் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் மார்ச் 22, திங்கட்கிழமை. வேட்புமனு தாக்கல் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மார்ச் 19 அன்றே முடிந்திருந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி நடந்த வாக்குப்பதிவில் அவன் வாக்கு பதிவாகவில்லை. எல்லையில் காவல் நிற்கும் ஒருவனின் வாக்கு, மூன்று நாள் தாமதத்தில் கை நழுவிப் போனதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

யாருக்கு இந்த உரிமை உண்டு

இந்தியாவில் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் பதிலி மூலம் வாக்களிக்கும் உரிமை மிகச் சிலருக்கே உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றில் பணிபுரிவோரும், 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் பொருந்தும் பிற படைகளில் பணிபுரிவோரும் தபால் வாக்கு அல்லது பதிலி வாக்கு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2003ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின் வழியாக, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 60ஆம் பிரிவின்கீழ் இந்த ஏற்பாடு வந்தது. பதிலி முறையைத் தேர்ந்தெடுத்தவரை 'வகைப்படுத்தப்பட்ட சேவை வாக்காளர்' என்று தேர்தல் ஆணையம் குறிப்பிடுகிறது.

வெளிமாநிலத்தில் பணியமர்த்தப்பட்ட மாநில ஆயுதக் காவல் படையினரும், வெளிநாட்டில் பணிபுரியும் இந்திய அரசு ஊழியர்களும் சேவை வாக்காளர்களே. ஆயினும் அவர்களுக்குத் தபால் வாக்கு மட்டுமே உண்டு, பதிலி கிடையாது.

வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் குடும்பத்தினர் இதை அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு வாழ் இந்தியர்களுக்குப் பதிலி வாக்கு வழங்கும் சட்ட முன்வடிவு 2018 ஆகஸ்ட் மாதம் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல், 16ஆவது மக்களவை கலைந்தபோது அது காலாவதியானது. ஆகவே படிவம் 6ஏ மூலம் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்தவர், கடவுச்சீட்டோடு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். அதுபோலவே, பார்வையற்றவருக்கு வாக்குச்சாவடியில் துணையாக வருபவரும் பதிலி ஆகமாட்டார். 85 வயதைக் கடந்தவர்கள் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கும் வசதியும் இதிலிருந்து முற்றிலும் வேறானது.

எப்போது மாற்ற வேண்டும்

பதிலியாக இருப்பவர் அந்தத் தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராக இருக்க வேண்டும். அவர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வாக்காளராகப் பதிவு செய்யப்படுவதற்குத் தகுதியற்றவராக இருக்கக் கூடாது. முதல் நிபந்தனையில்தான் நம் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. திருமணமாகாத தங்கையைப் பதிலியாக நியமித்துவிட்டு அண்ணன் பணிக்குத் திரும்புகிறார். இரண்டு ஆண்டுகளில் தங்கைக்குத் திருமணமாகி, வேறு தொகுதியில் உள்ள கணவர் வீட்டுக்குக் குடிபோகிறார். வாக்குப்பதிவு நாளில் பிறந்த வீட்டுக்கு வந்து அண்ணனுக்காக வாக்களித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். அவர் இப்போது அந்தத் தொகுதியில் வசிப்பவர் இல்லை என்பதால், பதிலிக்குரிய அடிப்படைத் தகுதியே போய்விட்டது. சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போய் அங்கேயே குடியமர்ந்த தம்பிக்கும் இது பொருந்தும்.

பதிலியின் மரணம் இரண்டாவது காரணம். மூன்றாவது காரணத்தைப் பலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள்: நம்பிக்கை போய்விடுவது. பதிலி வாக்களிக்கும் இடம் மறைவானது. அவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை நியமித்தவரால் எந்த வழியிலும் சரிபார்க்க முடியாது. அந்த வாக்கு முழுக்க முழுக்க ஒருவர் சொல்லின்மேல் நிற்கிறது. ஆகவே, பதிலியோடு மனவருத்தம் வந்துவிட்டது என்றால் அதுவே மாற்றுவதற்குப் போதுமான காரணம். காரணத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பதிலியின் சம்மதமும் தேவையில்லை. நியமனத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் உரிமை சேவை வாக்காளருக்கு உண்டு.

இவை தவிர, பதிலி முறையையே விட்டுவிட்டுத் தபால் வாக்குக்கு மாற நினைப்பவர்களும், ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாட்கணக்கு

பதிலி நியமனம் குறித்த விண்ணப்பம், வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்கு முன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. அதன் பிறகு வந்தால், நடந்துகொண்டிருக்கும் தேர்தலுக்கு அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. அடுத்து வரும் தேர்தல்களுக்கு அது செல்லும்.

இந்தத் தேதியை ஏன் எல்லைக்கோடாக வைத்தார்கள் என்று புரிந்துகொண்டால், யாரிடம் கெஞ்சினாலும் அது நகராது என்பதும் புரிந்துவிடும். வேட்புமனு தாக்கல் முடிந்ததும், எந்தெந்த சேவை வாக்காளருக்கு யார் யார் பதிலி என்ற பட்டியலை வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்துத் தயாரிக்கிறார்கள். அந்தந்த வாக்குச்சாவடிக்குரிய வாக்காளர் பட்டியலின் இறுதியில் அது சேர்க்கப்படுகிறது. பதிலி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தபால் வாக்குச்சீட்டு போய்விடாதபடி, சேவை வாக்காளர்களுக்கான கடைசிப் பாகத்தில் அவர் பெயருக்கு எதிரே குறியிடப்படுகிறது. வேட்பாளர் இறுதிப் பட்டியல் வந்தவுடன் மற்ற சேவை வாக்காளர்களுக்குத் தபால் வாக்குச்சீட்டுகள் புறப்படத் தொடங்கிவிடும். ஒரே பெயரில் இரண்டு வாக்குகள் பதிவாகாமல் காப்பதற்கு, இந்த வேலைகள் தொடங்கும் முன்பே எல்லாப் பெயர்களும் உறுதியாக வேண்டும்.

தேர்தல் அறிவிக்கை வெளியான நாளுக்குப் பிந்தைய ஏழாவது நாளே வேட்புமனு தாக்கலின் கடைசி நாள். அது பொது விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். இங்கேதான் கவனம் தேவை. தொலைக்காட்சியில் தேர்தல் தேதிகளை அறிவிக்கும் நாள் வேறு, முறையான அறிவிக்கை வெளியாகும் நாள் வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் தேதிகள் அறிவிக்கப்பட்ட நாள் மார்ச் 16. தமிழ்நாட்டுக்கான அறிவிக்கை மார்ச் 20 அன்று வெளியாகி, மார்ச் 27 அன்று வேட்புமனு தாக்கல் முடிந்துவிட்டது. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதாவது, வாக்களிக்க ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, பதிலியை மாற்றுவதற்கு இருந்த அவகாசம் உண்மையில் 11 நாட்கள்தான். அதற்குள் வார இறுதி விடுமுறைகளும் வந்தன. 2021 சட்டமன்றத் தேர்தலில் பிப்ரவரி 26 அன்று தேதிகள் அறிவிக்கப்பட்டு, மார்ச் 12 அன்று அறிவிக்கை வந்ததால் சற்றுக் கூடுதல் காலம் கிடைத்தது. அப்படியும் நாங்கள் தவறவிட்டோம்.

காஷ்மீரிலோ அருணாச்சலிலோ இருக்கும் ஒருவரின் கையெழுத்து, படைப்பிரிவு அலுவலகம் வழியாகப் படை அஞ்சலில் ஏறி, ஊருக்கு வந்து, நோட்டரியிடம் போய், பிறகு தேர்தல் அலுவலகத்தை அடைய வேண்டும். இதை 11 நாட்களில் முடிக்க முயல்வது வீண் பதற்றம். ஆகவே தேர்தல் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். நியமனத்தை ரத்து செய்யவும் மாற்றவும் எந்தக் காலத்திலும் படிவம் கொடுக்கலாம் என்பதால், தேர்தல் ஆண்டுக்கு முந்தைய விடுப்பில் ஊருக்கு வரும்போதே முடித்துவிடுவதுதான் சரி.

படிவம் 13ஜி: படிப்படியாக

பதிலியை முதன்முதலில் நியமிப்பதற்கான படிவம் 13எஃப். ஏற்கெனவே உள்ள நியமனத்தை ரத்து செய்து, அந்த இடத்தில் புதியவரை நியமிப்பதற்கான படிவம் 13ஜி. மாற்ற வேண்டிய நேரத்தில் மறுபடியும் 13எஃப் படிவத்தையே நிரப்பிக் கொடுப்பது வழக்கமாக நேரும் பிழை. பழைய நியமனம் நிற்கும்போது இன்னொரு புதிய நியமனம் வந்தால், அலுவலகத்தில் இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். எனவே படிவத்தின் எண்ணை முதலில் பாருங்கள்.

முதல் வேலை, வாக்காளர் பட்டியலின் கடைசிப் பாகத்தில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பது. சேவை வாக்காளர்களின் பெயர்கள் பொதுப் பட்டியலில் இருக்காது, கடைசிப் பாகத்தில் தனியாக இருக்கும். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊரில் 'செ. குமார்' என்று தலைப்பெழுத்தோடு இருப்பவர், படை ஆவணத்தில் 'குமார் செல்வம்' என்று அப்பா பெயரோடு சேர்ந்து இருப்பார். சில இடங்களில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். படிவத்தில் எழுதும் பெயர், கடைசிப் பாகத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். படை எண், பதவி, படைப்பிரிவு, வரிசை எண் ஆகியவற்றையும் அங்கிருந்தே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பழைய பதிலியின் விவரங்களைப் பழைய 13எஃப் நகலிலிருந்து எடுங்கள். நகல் இல்லையென்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத் தேர்தல் பிரிவில் நேரில் கேட்டு, பதிவேட்டில் யார் பெயர் பதிலியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதைக் கேட்கும்போதுதான் சிலருக்கு, தங்கள் நியமனம் எங்கோ தொலைந்து, பதிவே ஆகவில்லை என்பதும் தெரியவரும். அப்படியானால் ரத்து செய்ய எதுவும் இல்லை, புதிதாக 13எஃப் கொடுத்தால் போதும்.

மூன்றாவதாகப் புதிய பதிலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். அன்பு யார்மேல் அதிகம் என்று பார்ப்பதைவிட, அடுத்த ஐந்தாண்டுகள் அதே ஊரில் யார் இருப்பார் என்று பார்ப்பது நல்லது. ஊரில் பொது வாக்காளராக வாழும் மனைவி, வயதும் உடல்நலமும் இடம் கொடுக்கும் பெற்றோர், அதே ஊரில் விவசாயமோ கடையோ வைத்திருக்கும் உடன்பிறந்தவர் ஆகியோர் பொருத்தமானவர்கள். அடுத்த ஆண்டு படிக்க வெளியூர் போகவிருக்கும் மகனை நியமித்தால் மறுபடியும் இதே வேலைதான்.

நான்காவது, கையெழுத்து. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சேவை வாக்காளர் பணியிடத்தில் இருந்தால், தம் படைப்பிரிவின் கட்டளை அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, படிவத்தை ஊரிலுள்ள பதிலிக்கு அனுப்ப வேண்டும். பதிலி நோட்டரி அல்லது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையெழுத்திட்டு, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். சேவை வாக்காளர் விடுப்பில் ஊரில் இருந்தால், இருவரும் ஒன்றாகவே நோட்டரி அல்லது நடுவர் முன்னிலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம். நியமனப் படிவத்துக்கு வகுத்த இந்த ஒழுங்கையே மாற்றுப் படிவத்துக்கும் பின்பற்றுங்கள். இரண்டாம் வழி ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும், முதல் வழிக்கு வாரங்கள் ஆகலாம். விடுப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

நோட்டரியிடம் போகும்போது படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக்கொண்டு போகாதீர்கள். 'முன்னிலையில்' என்ற சொல்லுக்கு அவர் கண்முன் இடும் கையெழுத்து என்பதே பொருள். என் தம்பி முதலில் அனுப்பிய படிவத்தில், புதிய பதிலியாக இருக்கவேண்டிய நான் அவசரத்தில் வீட்டிலேயே பதிலியின் இடத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். நோட்டரி அதில் முத்திரையிட மறுத்தார். அவர் செய்தது சரி. புதுப் படிவம் மறுபடியும் பனிமலைக்குப் போய்த் திரும்பியது. மார்ச் 22 அன்று வந்தது அந்த இரண்டாவது படிவம்தான்.

யாரிடம் கொடுப்பது

சட்டமன்றத் தேர்தல் என்றால் அந்தச் சட்டமன்றத் தொகுதிக்குத் தேர்தல் நடத்தும் அலுவலர் தனியாக இருப்பார். மக்களவைத் தேர்தலில் நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒருவரே தேர்தல் நடத்தும் அலுவலர். பொதுவாக மாவட்ட ஆட்சியர் அந்தப் பொறுப்பில் இருப்பார், சட்டமன்றத் தொகுதிகளில் அவருக்கு உதவித் தேர்தல் நடத்தும் அலுவலர்கள் இருப்பார்கள். ஆகவே, சட்டமன்றத் தேர்தலில் கொடுத்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மக்களவைத் தேர்தலுக்கும் அங்கேயே போய் நிற்க வேண்டாம். வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்றும் இருந்துவிட வேண்டாம். அவர்கள் நல்லெண்ணத்தில் வாங்கிக்கொண்டாலும், கணக்கு தொடங்குவது தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்கு அது வந்து சேர்ந்த நாளிலிருந்துதான். ரத்து நடைமுறைக்கு வருவதும் அந்த நாளில்தான். நீங்கள் கையெழுத்திட்ட நாளுக்கோ, அஞ்சலில் சேர்த்த நாளுக்கோ மதிப்பு இல்லை.

எனவே நேரில் கொடுங்கள். முழுப் படிவத்தையும் முத்திரைகள் தெரியும்படி நகலெடுத்து, அந்த நகலின்மேல் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்ற ஒப்புகை வாங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்த நாளை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய், பதிவேட்டில் புதிய பெயர் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். தொந்தரவு என்று எண்ண வேண்டாம். தேர்தல் பிரிவில் இருப்பவர்கள் அந்த நாட்களில் ஆயிரம் வேலைகளுக்கு நடுவே இருக்கிறார்கள், நீங்கள் கேட்டால்தான் உங்கள் தாள் அவர்கள் கண்ணில் படும்.

தபால் வாக்குக்கு மாறுவதென்றால்

பதிலியை வைத்திருப்பவருக்குத் தபால் வாக்குச்சீட்டு வராது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. முன்பு பலர் பதிலி முறையைத் தேர்ந்தெடுத்ததற்கு, தபால் வாக்குச்சீட்டு முன்கள முகாமுக்குப் போய்த் திரும்புவதற்குள் வாக்கு எண்ணிக்கையே முடிந்துவிடும் என்பதுதான் காரணம். 2016இல் மின்னணு முறையில் தபால் வாக்குச்சீட்டை அனுப்பும் ஏற்பாடு வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. அந்த முறை அவ்வாண்டு நவம்பரில் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் பயன்படுத்தப்பட்டது என்பது நம் பகுதிக்குரிய செய்தி. இப்போது வாக்குச்சீட்டு இணையம் வழியாக வந்துவிடுகிறது. வாக்காளர் அதை அச்செடுத்து, வாக்கைக் குறித்து, படிவம் 13ஏ உறுதிமொழியில் சான்றொப்பம் பெற்று, உறைகளில் இட்டு அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார். வாக்கு எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் அது வந்து சேர வேண்டும்.

அதாவது போகும் வழி நொடிகளில் முடிகிறது, திரும்பும் வழிக்கு மட்டுமே அஞ்சல் தேவை. பதிலி மேல் நம்பிக்கை குறைந்தவர்களுக்கும், ஊரில் பொருத்தமான ஆள் இல்லாதவர்களுக்கும் இது நல்ல மாற்று. அஞ்சல் வாரக்கணக்கில் நின்றுபோகும் பனிமுகாம்களில் இருப்போருக்குப் பதிலியே பாதுகாப்பானது என்பது என் எண்ணம்.

மாறுவதற்கு, பதிலி நியமனத்தை ரத்து செய்வதையும், இனித் தபால் வாக்கு வேண்டும் என்பதையும் ஒரே கடிதத்தில் தெளிவாகச் சொல்லி, ரத்துப் படிவத்தோடு கொடுங்கள். இதையும் வேட்புமனு தாக்கல் தேதிக்கு வெகு முன்னதாகவே செய்துவிடுங்கள். பெயருக்கு எதிரே இட்ட குறி நீங்காமல் இருந்தால், பதிலியும் இல்லாமல் வாக்குச்சீட்டும் வராமல் நடுவில் நிற்க நேரிடும். குறி நீங்கியதை உங்கள் படை ஆவண அலுவலகத்தில் சேவை வாக்காளர் பொறுப்பில் இருப்பவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஓய்வு பெறுபவர்களும் இடம் மாறுபவர்களும்

ஓய்வு பெற்றதும் சேவை வாக்காளர் என்ற தகுதி முடிகிறது. அதோடு பதிலி ஏற்பாடும் முடிகிறது. ஆனால் பொதுப் பட்டியலில் பெயர் தானாக ஏறாது. ஊர் திரும்பியவுடன் படிவம் 6 கொடுத்துப் பொது வாக்காளராகப் பதிவு செய்ய வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டியல்களிலும் பெயர் இருக்கக் கூடாது என்பதால், கடைசிப் பாகத்திலிருந்து பெயர் நீக்கப்பட்டதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற பிறகு பழைய பதிலி அவர் பெயரில் போய் வாக்களிப்பது தவறு. வீட்டில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

குடும்பத்தோடு அமைதிப் பகுதியில், அதாவது முன்களம் அல்லாத பணியிடத்தில், போதிய காலம் வசிப்பவர், விரும்பினால் பணியிடத்திலேயே பொது வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் சொந்த ஊரில் சேவை வாக்காளராகவோ, அங்கே பதிலி வைத்திருப்பவராகவோ தொடர முடியாது.

வாக்குப்பதிவு நாளில் புதிய பதிலி

பதிலி, சேவை வாக்காளருக்குரிய வாக்குச்சாவடிக்குப் போய், மற்ற வாக்காளர்களைப் போலவே வாக்களிக்கிறார். தம் சொந்த வாக்கு வேறு வாக்குச்சாவடியில் இருந்தால், அதை அங்கே தனியாகச் செலுத்தலாம். பதிலியாக வாக்களிக்கும்போது மை வைக்கப்படுவது இடது கையின் நடுவிரலில், சொந்த வாக்குக்கு இடது ஆள்காட்டி விரலில். 2024 ஏப்ரல் 19 அன்று என் இரண்டு விரல்களிலும் மை இருந்தது. பிப்ரவரி மாதமே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய், 2021இல் தாமதமாகக் கொடுத்த 13ஜி பதிவில் இருப்பதை நகலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

வாக்குச்சாவடியில் முதல் அலுவலர் பொதுப் பட்டியலை மட்டும் புரட்டிவிட்டு, பெயர் இல்லை என்று சொல்லக்கூடும். பதிலி வாக்கு அரிதாகவே வருவதால் அது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பதற வேண்டாம். பட்டியலின் இறுதியில் சேவை வாக்காளர், பதிலி பெயர்கள் அடங்கிய இணைப்புப் பட்டியல் இருக்கும் என்று பணிவாகச் சொல்லி, வாக்குச்சாவடித் தலைமை அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அவர் கடைசித் தாளைத் திருப்பி, தம்பியின் பெயரையும் அதற்கு நேரே என் பெயரையும் விரலால் தொட்டுக் காட்டினார். உங்கள் அடையாள ஆவணத்தையும், ஒப்புகை பெற்ற 13ஜி நகலையும் கையில் வைத்திருங்கள்.

தேதி தவறிவிட்டால்

வேட்புமனு தாக்கல் முடிந்த பிறகுதான் நினைவு வந்தது என்றால், இரண்டு நிலைகளைப் பிரித்துப் பாருங்கள். பழைய பதிலி உயிரோடு, அதே தொகுதியில், நம்பிக்கைக்குரியவராக இருக்கிறார், ஆனால் வேறொருவரை வைக்க நினைத்தீர்கள் என்றால், இந்தத் தேர்தலுக்கு அவரே வாக்களிக்கட்டும். மாற்றுப் படிவத்தைத் தேர்தல் முடிந்தபின் கொடுங்கள். அவசரப்பட்டு இப்போது ரத்து செய்தால், ரத்து படிவம் சேர்ந்த நாளிலேயே செல்லும், புதிய நியமனமோ அடுத்த தேர்தலுக்குத்தான் செல்லும். இடையில் உங்கள் வாக்கு யாராலும் செலுத்த முடியாததாகிவிடும்.

பழைய பதிலி உங்கள் விருப்பத்துக்கு மாறாக வாக்களிப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால், வாக்கு போனாலும் பரவாயில்லை என்று ரத்து செய்வது உங்கள் உரிமை. அது உங்கள் மனச்சான்றுக்குட்பட்ட முடிவு. பதிலி இறந்துவிட்டிருந்தால் காத்திருப்பதால் பயன் எதுவும் இல்லை. இந்தத் தேர்தலுக்கு ஆகாது என்று தெரிந்தாலும் படிவத்தை அன்றே கொடுத்து, சேர்ந்த தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 2021 மார்ச் 23 அன்று அந்த அலுவலகத்தில் இருந்த எழுத்தர், இந்த முறைக்கு இதை எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டு, நான் திரும்பப் பெறக் கை நீட்டியபோது தாளைத் தராமல், அடுத்த தேர்தலுக்கு ஆகும் என்று சொல்லி முத்திரையிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து என் தம்பியின் வாக்கு பதிவானது அந்தத் தாளினால்தான்.